உரோமை எண்களும் நம் கோயில் மூலைக்கல்லும்

நம் தேவாலயத்தின் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடும் இவ்வேளையில், பங்கு மக்கள் பலரும் அறியாத ஒரு சிறு செய்தியைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். விழாவை எந்த ஆண்டில் எடுப்பது என்பதிலேயே நமக்குள் ஒரு தர்க்கம் எழுந்தது. "மூலைக்கல் நாட்டியது 1924-ல் அல்லவா? நூறு ஆண்டு கடந்துவிட்டதே!" என்று சில பெரியவர்கள் வருந்தினார்கள். "இல்லை, 1926-ல்தான்" என்று வேறு சிலர் சாதித்தார்கள்.

கல்லையே கேட்டுவிடுவோம் என்று போனோம். திருவிழாதோறும் அடித்த சுண்ணாம்பு படிந்து எழுத்துகள் மூடிக்கிடந்தன. சுரண்டிக் கழுவியபோது ஏழு எழுத்துகள் தெரிந்தன: எம், சி, எம், எக்ஸ், எக்ஸ், வி, ஐ. கடைசி இரண்டையும் "நான்கு" என்று யாரோ முன்னொரு நாள் வாசித்திருக்கிறார்கள். அதுவே வாய்வழியாகப் பரவிவிட்டது. ஐ முன்னால் நின்றால் நான்கு. பின்னால் நின்றால் ஆறு. கல்லில் அது பின்னால்தான் நிற்கிறது. பங்குப் பதிவேடும் 1926 என்றே சான்று பகர்ந்தது. ஒரு சிறு கோடு நிற்கும் இடத்தைக் கவனியாததால், ஒரு பங்கின் பிறந்த ஆண்டே பிசகிப் போக இருந்தது!

ஆகவே இந்த எண்களின் வரலாற்றையும், அவற்றை எழுதும் முறையையும் நம் பிள்ளைகள் அறிந்துகொள்வது நலம் என்று எண்ணுகிறோம். எழுத்துகளை அவற்றின் ஆங்கில ஒலிப்படியே இங்கே குறிக்கிறோம்.

உரோமை எண்களுக்கு வேண்டியவை ஏழே எழுத்துகள். ஐ என்பது 1, வி 5, எக்ஸ் 10, எல் 50, சி 100, டி 500, எம் 1000. ஆதியில் இவை எழுத்துகளே அல்ல. கோலில் கீறிக் கணக்கு வைத்த கோடுகளிலிருந்து வளர்ந்தவை என்று அறிஞர் கருதுவர்.

பண்டைய உரோமையர் இன்றைய விதிகளை எப்போதும் பின்பற்றவில்லை. கி.பி. 80-ல் திறக்கப்பட்ட கொலோசியம் என்னும் மாபெரும் அரங்கின் வாயில்களில் எண்கள் வெட்டப்பட்டுள்ளன. 44-ம் வாயிலில் நாற்பதை எக்ஸ்.எல். என்று கழித்து எழுதியவர்கள், நான்கை மட்டும் ஐ.ஐ.ஐ.ஐ. என்று நான்கு கோடுகளாகவே வெட்டினார்கள். பழைய சுவர்க் கடிகாரங்களில் நான்கு மணி அவ்வாறே இருப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதைப் பிழை என்று எண்ண வேண்டாம். அது பழைய வழக்கு.

இனி, சாதாரண எண்ணை உரோமை எண்ணாக மாற்றும் வழியைப் பார்ப்போம். எண்ணை ஆயிரம், நூறு, பத்து, ஒன்று எனப் பிரித்துக்கொள்க. 1926 என்பது 1000, 900, 20, 6. ஆயிரத்துக்கு எம், தொள்ளாயிரத்துக்கு சி.எம்.; இருபதுக்கு எக்ஸ்.எக்ஸ்.; ஆறுக்கு வி.ஐ. இவற்றை இடமிருந்து வலமாகச் சேர்த்தால் நம் மூலைக்கல் எழுத்து வந்துவிடும்.

நினைவில் கொள்ள வேண்டிய விதிகள் சிலவே. பெரிய எழுத்துக்குப் பின் சிறியது வந்தால் கூட்ட வேண்டும். முன் வந்தால் கழிக்க வேண்டும். ஒரே எழுத்து மும்முறைக்கு மேல் தொடர்ந்து வராது. வி, எல், டி இரட்டித்து வருவதில்லை. கழிக்கும்போது ஐ என்பது வி, எக்ஸ் ஆகியவற்றின் முன் மட்டுமே நிற்கும். எக்ஸ் என்பது எல், சி முன்னும், சி என்பது டி, எம் முன்னும் நிற்கும். ஆகையால் 49-ஐ ஐ.எல். என்று சுருக்கக் கூடாது. நாற்பது தனி, ஒன்பது தனி: எக்ஸ்.எல்.ஐ.எக்ஸ்.

இந்தக் கழித்தல் முறை பிள்ளைகளைத் திகைக்க வைக்கும். அவர்களுக்கு நம் தாய்மொழியே துணை. எண்பதுக்கு அடுத்து "ஒன்பது பத்து" என்று நாம் சொல்வதில்லை. நூறு வருமுன்பே நூற்றின் பெயரைச் சேர்த்துத் "தொண்ணூறு" என்கிறோம். ஆயிரம் வருமுன்பே "தொள்ளாயிரம்" என்கிறோம். உரோமையரும் 90-ஐ எழுத நூறாகிய சி-யையும், 900-ஐ எழுத ஆயிரமாகிய எம்-ஐயும் கொண்டுவந்தார்கள். பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக்குறிகள் நம் முன்னோரிடமும் இருந்தன. பழைய தமிழ் முறையில் 1926 என்பது ௲௯௱௨௰௬.

இந்த எண்களைக் கொண்டு ஆண்டைக் குறிக்கலாம், வரிசை காட்டலாம். ஆனால் பெருக்குவதும் வகுப்பதும் பெரும்பாடு; சுழியத்துக்கு எழுத்தே கிடையாது. அக்குறையைத் தீர்த்தவை நம் பாரத நாட்டில் பிறந்து, அரேபியர் வழியாக மேற்கே சென்ற இலக்கங்கள். அவற்றை ஐரோப்பியக் கல்விமான்களுக்கு முதன்முதல் அறிமுகப்படுத்தியவர்களுள் ஒருவர், 999 முதல் 1003 வரை பாப்பரசராயிருந்த 2-ம் சில்வெஸ்தர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பீசா நகர லெயோனார்தோ 1202-ல் எழுதிய கணித நூல் அவற்றைப் பரப்பியது. ஆயினும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பிளாரன்ஸ் நகரின் நாணயமாற்றுச் சங்கம் 1299-ல் கணக்குப் புத்தகங்களில் புதிய இலக்கங்களைத் தடை செய்தது.

காலப்போக்கில் கடைக்கணக்கு புதிய இலக்கங்களுக்குப் போயிற்று. கல்லும் வரிசையும் பழைய எழுத்துகளிடமே நின்றன. உரோமையில் புனித இராயப்பர் பேராலய முகப்பில் 5-ம் சின்னப்பரின் பெயரோடு எம்.டி.சி.எக்ஸ்.ஐ.ஐ., அதாவது 1612, பொறிக்கப்பட்டுள்ளது. 8-ம் போனிபாஸ் முதல் ஜூபிலி ஆண்டை அறிவித்த 1300-ஐ எம்.சி.சி.சி. என்று நான்கே எழுத்தில் எழுதிவிடலாம். சிலுவைப் பாதையின் கடைசி ஸ்தலத்துக்கு மேலே எக்ஸ்.ஐ.வி. என்று காண்கிறோம். 2025-ல் தெரிந்தெடுக்கப்பட்ட 14-ம் சிங்கராயர், அதாவது லியோ பாப்பரசரின் பெயருக்குப் பின்னும் அதே மூன்று எழுத்துகளே நிற்கின்றன.

எண்ணுவதில் தவறியவர்கள் நாம் மட்டுமல்லர் என்பது ஓர் ஆறுதல். பாப்பரசர்கள் வரிசையில் 20-ம் அருளப்பர் என்று ஒருவர் இல்லவே இல்லை! பழைய பட்டியல்களின் குழப்பத்தால், 1276-ல் பதவியேற்றவர் 21-ம் அருளப்பர் ஆனார். 15-ம் நூற்றாண்டில் பாப்பரசர் பதவிக்கு உரிமை கொண்டாடிய ஒருவர் 23-ம் அருளப்பர் என்று பெயர் வைத்துக்கொண்டார். அவரை வரிசையில் சேர்க்காததால், 1958-ல் தெரிந்தெடுக்கப்பட்ட நம் அன்புக்குரிய பாப்பரசர் அதே எண்ணை முறைப்படி ஏற்றார்.

அன்பார்ந்த பங்கு மக்களே! கூலி வேலை செய்து, காசு சேர்த்து, கல் சுமந்து இக்கோயிலைக் கட்டிய நம் பாட்டன் பாட்டிமாரின் பெயர்கள் மூலைக்கல்லில் இல்லை. அவர்கள் நமக்கு விட்டுச் சென்றது அந்த ஏழு எழுத்துகளே. அதையும் வாசிக்கத் தெரியாமல் போனால் அவர்கள் காலத்தையே நாம் மறந்தவர்களாவோம். விழாவுக்கு வரும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அக்கல்லின் அருகே அழைத்துச் சென்று, எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசிக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். இனி வெள்ளையடிக்கும் அன்பர்கள் அவ்விடத்தை மட்டும் விட்டுவிட்டால், அடுத்த நூற்றாண்டு விழாவில் நம் பேரப்பிள்ளைகளுக்குத் தர்க்கம் இராது.