ஆணி அடிக்காத சுவர்

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் காதில் முதலில் விழும் நிபந்தனை சுவரைப் பற்றியது: ஆணி அடிக்கக் கூடாது. அடுத்தது, வண்ணம் மாற்றக் கூடாது. இந்த இரண்டுக்கும் கட்டுப்பட்டு வீட்டை அழகாக வைத்துக்கொள்வதற்கென்றே இப்போது நகரங்களில் ஒரு பாணி உருவாகியிருக்கிறது. சுடுமண் சாடி, கோரைப்பாய், சணல் விரிப்பு, காவியும் பழுப்புமான கைத்தறித் திரை. எல்லாம் மண்ணின் நிறம், எல்லாம் காலி செய்யும்போது சுருட்டி எடுத்துப்போகக் கூடியவை. புதிய ரசனை என்று சொல்லித்தான் கடைகளில் விற்கிறார்கள். போடிநாயக்கனூரையும் அதன் மேற்கே ஏறும் ஏலமலைச் சரிவுகளையும் தெரிந்தவர்களுக்கு இதில் புதுமை அதிகம் தெரியாது. தனக்குச் சொந்தமில்லாத வீடு, எதையும் நிலையாக மாற்ற முடியாத குடியிருப்பு, மண்ணைக் கொண்டே செய்யும் அலங்காரம் ஆகிய மூன்றும் இங்கே வெகுகாலமாகச் சேர்ந்தே இருந்திருக்கின்றன. செம்மண்ணும் சாணமும் சுண்ணாம்பும் இந்த வட்டாரத்து வீடுகளில் நிலைத்ததற்கு ஏழ்மையையும் பழக்கத்தையும் காரணமாகச் சொல்வது வழக்கம். அவற்றோடு நில உரிமை என்கிற மூன்றாவது காரணத்தையும் சேர்க்காவிட்டால் அந்த வழக்கத்தின் வடிவமே புரியாது என்பது என் கட்சி.

முதலில் மலையை எடுத்துக்கொள்வோம். ஏலமலையில் யார் வீட்டுக்காரர், யார் குடித்தனக்காரர் என்ற கேள்விக்கு எந்தக் காலத்திலும் நேரான பதில் கிடைத்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஏலக்காய் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமைச் சரக்கு. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிப் பயிரிட்ட தமிழ் விவசாயி, விளைந்ததை அரசின் கிடங்கில் ஒப்படைத்துவிட்டுத் தன் பங்கை வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். 1896இல் தனியுரிமை போய் நிலவரி வந்தது. அடுத்த ஆண்டே காப்புக்காடு அறிவிப்பும் வந்தது. அதில் குறித்திருப்பது 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்ற வழக்கு நூறாண்டு கடந்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தேயிலைப் பக்கமும் இதே கதைதான். மூணாறு மலைகளை 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து பெற்றது குத்தகையாக. கேரள அரசு அந்த நிலங்களை 1971இல் தனிச்சட்டம் போட்டு மீட்டுக்கொண்டது. ஆகத் தொழிலாளி தோட்டக்காரரின் வீட்டில் குடியிருந்தார், தோட்டக்காரர் அரசின் மண்ணில் குடியிருந்தார். மலையில் எவர் காலுக்குக் கீழும் முழுதாகச் சொந்தமான மண் இல்லை. 1956 நவம்பரில் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. போடியிலிருந்து போடிமெட்டு ஏறிப் போகிறவருக்கு வீடு மட்டுமா, மாநிலமே அடுத்தவருடையதாயிற்று.

இந்தக் குத்தகை அடுக்கின் கடைசிப் படியில் இருந்தது லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், முன்னால் நீண்ட ஒற்றைத் திண்ணை. ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல்தான் லயம் ஆனது என்பார்கள். குதிரை லாயத்தின் ஒலியும் அதில் சேர்ந்து கேட்பதை மறுக்க முடியாது. இலங்கை மலையகத்தில் அதையே லயன் என்றும் அதன் அறையைக் காம்பரா என்றும் சொல்கிறார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது அங்கே எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் அளவு. இப்படிப்பட்ட அறையில் சுவரை இடிக்க முடியாது, சன்னல் வைக்க முடியாது, கதவை மாற்ற முடியாது. குடும்பத்தின் கைக்கு எட்டுவது மூன்றே இடங்கள்: தரை, சுவரின் மேல்தோல், வாசல். ஏலமலை லயமானாலும் இலங்கை லயனானாலும் அலங்காரம் முழுவதும் இந்த மூன்றிலேயே குவிந்தது தற்செயலாக இருக்க முடியாது.

தரையில் சாணம் மெழுகுவதைப் பார்த்திருப்பவர்கள் அது வெறும் பூச்சு வேலை இல்லை என்பதை அறிவார்கள். பசுஞ்சாணத்தைத் தண்ணீரில் குழைத்து, உள்சுவர் ஓரத்தில் தொடங்கி, பின்னோக்கி நகர்ந்தபடியே வாசலில் வந்து முடிப்பார்கள். கை வளைந்து வளைந்து போன தடம் காய்ந்த பிறகு பிறைப்பிறையாகத் தரையில் நிற்கும். கரித்தூள் சேர்த்தால் தரை கருஞ்சாம்பல் நிறமாகும், சேர்க்காவிட்டால் பச்சை மங்கிப் பழுப்பாகும். சுவரின் அடிப்பாகத்தில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் கரைசல், அதற்கு மேல் சுண்ணாம்பு. அடியில் செம்மண் வைத்ததற்குக் காரணம் அழகு மட்டுமில்லை. தெறிக்கும் மழைநீரும் பிள்ளைகளின் கால் அழுக்கும் அந்தப் பட்டையில் தெரியாது. மேலே வெள்ளை இருப்பது, சன்னல் போதாத அறைக்குள் வரும் கொஞ்ச வெளிச்சத்தையும் வீணாக்காமல் திருப்பி அனுப்பும், பூச்சி பொட்டையும் அண்டவிடாது. வாசலில் வெள்ளைக் கோலம், அதைச் சுற்றிச் செம்மண் கரை. அடுப்பும் மண்தான். குடிவருகிற பெண் தன் கைக்கு ஏற்ற உயரத்தில் பிடித்துக்கொள்வது. அறையைப் பிரிக்க ஒரு நூல்சேலை போதும். ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் சக்கம்பட்டித் தறிகள் இருக்கும்போது பழைய சேலைக்குப் பஞ்சம் ஏது. வாசல்படியில் ஏலக்காய் சுமந்து தேய்ந்த சாக்கு, மிதியடியாக. இவற்றில் ஒன்றுகூட அந்தக் கட்டடத்தின் பகுதி ஆகிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாம் மேலே படிந்தவை, அல்லது தொங்கியவை, விரித்தவை.

காலக்கணக்கும் இதற்குச் சாட்சி. ஆனியில் பிடிக்கும் மழை மலையில் கார்த்திகை வரை ஓயாது. அந்த ஈரத்தில் சுண்ணாம்பு காயாது, மெழுகிய தரையும் அடுப்புச் சூட்டில்தான் உலர வேண்டும். ஏலக்காய் எடுப்பும் அதே மாதங்களில் சுற்றுச் சுற்றாக நடந்து தை, மாசியில் ஓயும். வெள்ளையடிப்பு தைப்பொங்கலை ஒட்டி வருவது தமிழ்நாடு முழுவதற்கும் பொதுதான். ஆனால் மலையில் வெயில், கூலிக்காசு, ஓய்வு மூன்றும் கூடி வரும் நேரமும் அதுவே. ஆண்டுக்கு ஒருமுறை சுவர் புதிதாகும், தரையோ வாராவாரம். நிலைத்து நிற்கும் ஒரு வேலைப்பாட்டில் வீட்டுக்காரர் ஒரே தடவை போடும் உழைப்பை, நிலைக்காத வேலையில் குடித்தனக்காரர் ஆயுள் முழுக்கத் தவணையில் கட்டினார் என்று இதைச் சொல்லலாம். அந்தத் தவணையைக் கட்டியது பெரும்பாலும் பெண்களின் முதுகு.

கீழே ஊருக்குள் வந்தால் வேறு வகை வாடகை. மதுரையிலிருந்து 1928இல் ரயில் வந்து சேர்ந்ததும் மலைச்சரக்குக்கான சந்தையாகப் போடி வளர்ந்தது. மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கியதும் போடி வழியாக வெளியுலகம் போவதற்குத்தான். மதுரைப் பக்கத்து மற்ற ஊர்களைப் போலவே இங்கும் காம்பவுண்டு வீடுகள் உண்டு. ஒரு முற்றம், ஒரு குழாய், எதிரெதிரே வரிசை வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே உரிமையாளர். சொந்த வீட்டுக்குக் கிரகப்பிரவேசம், வாடகை வீட்டுக்குப் பால் காய்ச்சுவது என்று சடங்கே இரண்டாகப் பிரிந்திருப்பதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஓமம் வளர்த்துப் புகையேற்றுவது கட்டடத்துக்கு, பால் பொங்குவது அடுப்புக்கு. குடித்தனக்காரருக்கு உரியது அடுப்பு மட்டும் என்பதைச் சடங்கே ஒப்புக்கொள்கிறது. சுவருக்கோ ஏற்கெனவே இருக்கும் ஒற்றை ஆணி. அதில் கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்து சிவகாசியில் அச்சான முருகனோ மீனாட்சியோ, நாள்காட்டியோடு தொங்கினார்கள். பன்னிரண்டு மாதத்தில் காலாவதியாகும் கலை வேறு யாருக்கு இவ்வளவு பொருந்தும்?

சட்டம் என்ன சொல்கிறது? 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, குத்தகைக்காரர் தாம் பொருத்தியவற்றை அனுபவத்தில் இருக்கும்போதே கழற்றிக்கொள்ளலாம், ஆனால் இடத்தைப் பெற்ற நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்கிறது. பயிர்த்தொழில் தேவைக்கு அன்றி, உரிமையாளர் சம்மதமில்லாமல் நிலையான கட்டுமானம் எழுப்பவும் தடை. சென்னை மாகாணம் விட்டுச்சென்ற வாடகைக் கட்டுப்பாட்டு மரபில் வந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம், கட்டடத்தின் மதிப்பைக் குலைக்கும் செயலை வெளியேற்றத்துக்கான காரணங்களில் ஒன்றாக வைத்தது. மெழுகுகிற பெண்கள் இந்தப் பிரிவுகளைப் படித்ததில்லை. அவர்கள் செய்து வந்தது அந்தப் பிரிவுகளின் எல்லைக்குள் துல்லியமாக அடங்குகிறது என்பதுதான் வியப்பு.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: சொந்த வீட்டுக்காரரும்தானே சாணம் மெழுகினார், செம்மண் பூசினார்? கையில் கிடைத்த பொருள் அது, மலிவு, அவ்வளவுதானே? பொருள் பொது என்பது உண்மை. ஆனால் அதே ஊரில் அதே சுண்ணாம்பு வேறு கைகளில் என்னவாயிற்று என்று பாருங்கள். போடி ஜமீன் அரண்மனையில் சுண்ணாம்புச் சாந்துப் பூச்சின் மேல் இராமாயணக் காட்சிகளைத் தீட்டி வைத்தார்கள். வண்ணம் நூறாண்டு தாண்டியும் நிற்கிறது. அரண்மனையில் சுண்ணாம்பு, வண்ணத்தைத் தாங்கி நிற்கும் தளம். லயத்தில் சுண்ணாம்பு, அடுத்த தை மாதம் இன்னொரு சுண்ணாம்பால் மறையப்போகும் தோல். செட்டிநாட்டுக்காரர் பர்மாத் தேக்கிலும் ஆத்தங்குடிக் கல்லிலும் போட்ட பணம் இடத்தோடு ஒட்டிக்கொண்டது. தம் வீடு தம் பேரனுக்கு என்று தெரிந்தவருக்கே அந்தத் துணிவு வரும். விலையும் வசதியும் மட்டுமே காரணம் என்றால், நாலு காசு சேர்ந்த குடித்தனக்காரராவது நிலைப்பொருளில் இறங்கியிருக்க வேண்டும். அவர் வாங்கியது தகரப்பெட்டி, பித்தளைக் குத்துவிளக்கு, பாத்திரம், அதாவது தூக்கிக்கொண்டு போகக் கூடியவை.

இன்னும் ஒரு படி போகலாம். மெழுகிய தரை கொண்ட கிராமத்துக் குடிசைகளைச் சொந்த வீடு என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். குடிசை சொந்தம், அது நின்ற மண் பல இடங்களில் சொந்தமில்லை. பண்ணை நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கும் கைவினைஞருக்கும் அந்த மனையை உரிமையாக்கவே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் தேவைப்பட்டது. குடியிருப்புச் சட்டம் என்று பெயர், ஆண்டு 1971. சாதியும் நிலமும் ஒரே கையில் இருந்த ஊர்களில், எழுந்து போ என்றால் போக வேண்டிய நிலையில்தான் பல “சொந்த” வீடுகள் இருந்தன. ஆகவே சொந்தக்காரரும் மெழுகினார் என்ற ஆட்சேபம் என் வாதத்தைப் பாதி உடைத்துப் பாதி வலுவாக்குகிறது. மீதிப் பாதியை விட்டுக்கொடுக்கிறேன். பட்டா வைத்திருந்த சம்சாரியும் மெழுகினார், அங்கே வழக்கமே போதிய காரணம்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. இல்லாமையைக் கலையாக்கிப் பேசுவது, லயத்துப் பத்தடி அறையை அழகுபடுத்திக் காட்டுவதில் போய் முடியாதா? முடியும். அதனால்தான் அலங்காரத்தின் எல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், குடியிருப்பு தருவதும் பராமரிப்பதும் முதலாளியின் கடமை என்றது. ஏலத்தோட்டம் அந்தச் சட்டத்துக்குள் வந்தது 1981ஆம் ஆண்டுத் திருத்தத்தில், முப்பது ஆண்டு கழித்து. தந்த வீடு இடிந்து விழுந்தால் யார் பொறுப்பு என்ற பிரிவுகளும் அதே திருத்தத்தில்தான் சேர்ந்தன; குடியிருப்பவர் தவறாலோ இயற்கைச் சீற்றத்தாலோ இடிந்தால் முதலாளிக்குப் பொறுப்பில்லை என்ற விலக்கோடு. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 உயிர்கள் போயின. சுவரின் தோல் மட்டுமே தங்கள் கையில் இருந்தவர்கள் அவர்கள். லயம் எங்கே நிற்க வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சொல் இருந்ததில்லை. எந்தக் கோலமும் இதற்கு ஈடு செய்யாது. ஆனால் உரிமை மறுக்கப்பட்டது என்பதற்காக, மறுக்கப்பட்டவர்கள் கையில் மிச்சமிருந்ததைக் கொண்டு செய்ததையும் கணக்கிலிருந்து அடித்துவிட்டால் அது இரண்டாவது மறுப்பு.

சிமென்ட் தரையும் டிஸ்டெம்பரும் வந்த பிறகு மெழுகுவது பெரும்பாலும் நின்றுவிட்டது. அதில் வருந்த ஒன்றுமில்லை, முதுகு வலி குறைந்தது. வருந்த வேண்டியது பதிவைப் பற்றி. அரண்மனைச் சுவரோவியங்களைப் பற்றிப் படம் பிடித்து எழுதியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் தன்னைத் தானே மூடிக்கொண்ட சுவர்களுக்கு அப்படி ஓர் ஏடு கிடையாது. போடியிலும் சூரியநெல்லியிலும் பூப்பாறையிலும், லயத்தில் குடியிருந்து இறங்கிய மூதாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு வாளிச் சாணத்துக்கு எத்தனை கை கரித்தூள், செம்மண் எந்த மேட்டில் வெட்டியது, காலி செய்து போன நாளில் அடுப்பை இடித்தார்களா, விட்டுப் போனார்களா என்று அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.