எழுத்து ஓவியமாகும்போது: ஜப்பானியச் சித்திரக் கதைகளும் அவற்றின் மூல நாவல்களும்

ஒருவர் எழுதிய நூலை மற்றொருவர் மீண்டும் சொல்லும்போது அதனை உள்ளது உள்ளவாறே சொல்லிவிட முடியுமா? மொழிபெயர்ப்பையே அன்றாடத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோர்க்கு இவ்வினா புதியதன்று. வறண்ட அரசாங்க அறிக்கை ஒன்றை வேறு மொழியில் தரும்போதுகூட, எச்சொல்லை முன்வைப்பது, எதனை விரித்துரைப்பது, எதனைச் சுருக்குவது என்னும் தேர்வுகள் வழிமறித்து நிற்கின்றன. சொல்லிலிருந்து சொல்லுக்குச் செல்வதிலேயே இத்துணை இடர்ப்பாடு உண்டெனில், சொல்லிலிருந்து சித்திரத்துக்குச் செல்லும் பயணம் எத்தகையதாக இருக்கும்?

இதனை ஆராய ஜப்பானைவிட ஏற்ற களம் அரிது. அந்நாட்டில் "மங்கா" என வழங்கும் சித்திரக் கதை, சிறுவரின் பொழுதுபோக்கு என்னும் எல்லையைக் கடந்து நெடுங்காலம் ஆயிற்று. பழங்காப்பியம், உலக நாவல், தொழிலாளர் இலக்கியம், அறநூல் ஆகிய அனைத்தும் அங்கே சித்திரக் கதையாகியிருக்கின்றன. அவற்றை மூல நூல்களோடு அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ஓவியர் மூலத்தை எங்கே மாற்றுகிறாரோ, அங்கேதான் அவர் வாழ்ந்த காலத்தின் முகம் தெரிகிறது.

இவ்வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் தோன்றியதும் அன்று. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரண்மனைப் பெண்மணியான முராசாக்கி ஷிகிபு "கெஞ்சியின் கதை" என்னும் பெருநூலை இயற்றினார். 54 அத்தியாயங்கள் கொண்ட அந்நூல், கெஞ்சி என்னும் இளவரசனின் காதல்களையும் துயரங்களையும் கூறுவது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே அதற்கு ஓவியச் சுருள்கள் எழுந்தன. எஞ்சிய பகுதிகள் இன்றும் நகோயாவிலும் தோக்கியோவிலும் உள்ள கலைக்கூடங்களில் காக்கப்படுகின்றன. அச்சுருள்களில் மாளிகையின் கூரையை அகற்றிவிட்டு மேலிருந்து உள்ளே நோக்குவதுபோல் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. கண்ணுக்கு ஒரு கோடு, மூக்குக்கு ஒரு கொக்கி. முகங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இன்னார் இத்தகையர் என்பதை முகம் சொல்வதில்லை. ஆடையின் நிறமும், சாய்ந்த தூணும், காற்றில் அசையும் திரையுமே சொல்லும்.

அதே கதை, 1829 முதல் 1842 வரை 38 பகுதிகளாக வேறொரு கோலம் பூண்டு வெளிவந்தது. ரியூத்தெய் தானெஹிக்கோ எழுத, உத்தகாவா குனிசதா சித்திரம் வரைந்த "போலி முராசாக்கியும் நாட்டுப்புறக் கெஞ்சியும்" என்னும் அந்நூலில், ஒவ்வொரு பக்கத்திலும் படமும் எழுத்தும் பின்னிக் கிடந்தன. கதையின் காலம் பல நூற்றாண்டுகள் பின்தள்ளப்பட்டு, ஆஷிக்காகா படைத்தலைவர்கள் ஆண்ட காலமாயிற்று. மூலத்தில் காதலுக்காகவே காதலித்த இளவரசன், இங்கே காணாமற்போன குலச் செல்வங்களைத் தேடும்பொருட்டுக் காமுகன்போல் நடிக்கும் கடமை வீரன் ஆனான். போர்மறவர் அறம் கோலோச்சிய காலத்துக்குக் காதலும் ஒரு கடமையாகத் தோற்றமளிக்க வேண்டியிருந்தது. ஆயினும் ஆட்சியாளரின் அந்தப்புரத்தையே அந்நூல் மறைமுகமாகச் சித்திரிக்கிறது என்னும் பேச்சு எழுந்தது. 1842-இல் அரசு அதனைத் தடை செய்தது. ஆசிரியரும் அவ்வாண்டே மறைந்தார். பழங்கதையை மீண்டும் சொல்வது அபாயமற்ற தொழில் என்று எண்ணுவார்க்கு இது நினைவில் இருக்கட்டும்.

இனி நம் காலத்துக்கு அணித்தாக வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியச் சித்திரக் கதைக்குப் புதிய நடையை வகுத்தவருள் தலையாயவர் தெஸுகா ஒசாமு (1928–1989). மருத்துவம் பயின்ற இவர், மாணவப் பருவத்தில் தஸ்தயேவ்ஸ்கியின் "குற்றமும் தண்டனையும்" நாவலின் நாடக வடிவில் வண்ணம் பூசும் தொழிலாளியாக மேடையேறியவர். 1953-இல் அந்நாவலையே சிறுவர்க்கான சித்திரக் கதையாக்கி வெளியிட்டார். நாடக மேடையின் நினைவு அவரது தூரிகையை விட்டு அகலவில்லை. கொலை நிகழும் கட்டடத்தை நெடுக வெட்டிக் காட்டியதுபோல் வரைந்து, படிக்கட்டில் ஏறுவோரையும் இறங்குவோரையும் ஒரே நோக்கில் நாம் காணுமாறு செய்தார்.

ஆனால் வியக்கத்தக்க மாற்றம் முடிவிலேதான் இருக்கிறது. 1866-இல் வெளிவந்த மூல நாவலில், கொலை செய்த மாணவன் ரஸ்கோல்னிகோவ் சந்தைச் சதுக்கத்தில் மண்டியிட்டு மண்ணை முத்தமிடுகிறான். குடிகாரன் என்று எண்ணிச் சுற்றியிருப்போர் நகைக்கின்றனர். "கொன்றேன்" என்னும் சொல் அவன் நாவிலேயே மடிந்துபோகிறது. பின்னர்க் காவல் நிலையத்துக்குச் சென்று குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். சைபீரியச் சிறையில், அன்பின் துணையால் புதுவாழ்வு அரும்புகிறது. தெஸுகாவின் நூலில் சைபீரியா இல்லை. அங்கே சதுக்கத்தில் கலகம் மூண்டிருக்கிறது. கொலையாளி தன் குற்றத்தை உரக்கக் கூவுகிறான். ஆரவாரத்தில் அவன் குரலைக் கேட்பார் எவருமில்லை. மூலத்தில் வாய் திறக்க இயலாது போயிற்று. சித்திரத்தில் வாய் திறந்தும் செவி கிடைக்காது போயிற்று.

இம்மாற்றம் எதனால் நேர்ந்தது? சிறுவர் நூலில் இடம் குறைவு என்பது ஒரு காரணமாகலாம். ஆயினும் காலத்தையும் நாம் மறத்தலாகாது. நேச நாடுகளின் படை ஆட்சி ஜப்பானில் 1952 ஏப்ரலில்தான் முடிவுற்றது. அடுத்த சில நாட்களில், மே முதல் நாளன்று, தோக்கியோ அரண்மனை முன்றிலில் ஊர்வலத்தாரும் காவலரும் மோதிக் குருதி சிந்தினர். அத்தகைய ஆண்டுகளில் வாழ்ந்த கலைஞருக்கு, பெருங்கூட்டத்தின் நடுவே தனி மனிதனின் மனச்சான்று என்னவாகும் என்னும் கவலை எழுந்திருப்பின் அது இயல்பே. தஸ்தயேவ்ஸ்கி பாவத்துக்கு மீட்சி உண்டா என்று கேட்டார்; தெஸுகாவோ, உண்மையைக் கூறினால் கேட்பதற்கு ஆள் உண்டா என்று கேட்கிறார். இரண்டாவது வினா முதலாவதைவிடச் சிறியதன்று.

மீண்டும் கெஞ்சியிடம் செல்வோம். யமாத்தோ வாக்கி என்னும் பெண் ஓவியர், 1979 முதல் 1993 வரை "அசாகி யூமெமிஷி" என்னும் பெயரில் அக்காப்பியத்தை இளம்பெண்களுக்கான சித்திரக் கதையாகத் தந்தார். இங்கே ஓவியர் எதிர்கொண்ட சிக்கலைச் சற்று எண்ணிப் பாருங்கள். மூலநூலில் மாந்தர்க்குப் பெரும்பாலும் இயற்பெயரே இல்லை. பதவியாலும் இருப்பிடத்தாலும் சுட்டப்படுகின்றனர். அரண்மனை மகளிரோ திரைக்கும் மறைப்புக்கும் பின்னால் வாழ்ந்தவர்கள். கூந்தலின் நீளமும், ஆடையில் கமழும் நறுமணமும், கடிதத்தின் கையெழுத்துமே ஆடவர்க்கு அவர்களை அறிவித்தன. பனி பொழிந்த காலை வெளிச்சத்தில்தான் ஒரு மங்கையின் முகத்தைக் கெஞ்சி முதன்முறையாகக் காண்கிறான். அவளது சிவந்த மூக்கைக் கண்டு திகைக்கிறான். எழுத்து எளிதாக மறைத்து வைக்கும் முகத்தைச் சித்திரம் எவ்வாறு மறைக்கும்? பழைய ஓவியச் சுருள் எல்லா முகங்களையும் ஒன்றாக்கி இச்சிக்கலைக் கடந்தது. யமாத்தோ ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்த கண்ணும், தனித்த நினைவும், வாய்விட்டுச் சொல்லாத எண்ணமும் அளித்து அதனைக் கடந்தார்.

இதன் விளைவு பெரிது. ஓர் இளவரசனின் காதல் வரலாறாக நெடுங்காலம் கொள்ளப்பட்ட கதை, அவனால் இன்பமும் துன்பமும் எய்திய பெண்களின் வரலாறாகத் தெளிவு பெற்றது. இது மூலத்துக்கு இழைத்த அநீதி என்று கூறுவதற்கில்லை. பெண்ணொருத்தி எழுதிய நூலில் அப்பொருள் முன்னரே உறைந்து கிடந்தது. மற்றோர் ஒப்புமையும் ஈண்டு நோக்கத்தக்கது. 1939 முதல் 1941 வரை தானிசாக்கி ஜுன்இச்சிரோ அந்நூலைத் தற்கால ஜப்பானிய மொழியில் பெயர்த்தபோது, பேரரசரின் துணைவியோடு கெஞ்சி கொண்ட மறைவான உறவைக் கூறும் பகுதிகள் விடப்பட்டன. அரச பக்தி தலைக்கேறிய அக்காலம் அவற்றைத் தாங்கியிராது. போருக்குப் பின் 1951 முதல் வெளிவந்த அவரது புதிய மொழிபெயர்ப்பில் அவை மீண்டும் இடம்பெற்றன. பேரறிஞர் ஒருவரின் மொழிபெயர்ப்பு ஒருகாலத்தில் மறைத்ததை, பள்ளி மாணவியர் கையில் தவழ்ந்த சித்திரக் கதை ஒளிவின்றிச் சொல்லிற்று. பழைய ஜப்பானிய நடையோடு போராடும் மாணவர்கள் தேர்வுக்கு முன் இந்நூலைப் படித்துக் கதைப்போக்கை அறிந்துகொள்வதும் அங்கே வழக்கமாயிற்று.

முகம் தீட்டுவதால் நேரும் மாற்றத்துக்கு வேறொரு சான்று "நண்டுக் கப்பல்" என்னும் நாவல். கோபயாஷி தாக்கிஜி 1929-இல் இதனை எழுதினார். கம்சாத்கா கடற்பரப்பில் நண்டு பிடித்து அங்கேயே டப்பாவில் அடைக்கும் கப்பலொன்றில், தொழிலாளர் படும் கொடுமையும் அவர்தம் எழுச்சியுமே கதை. தனித் தலைவன் எவனும் இன்றி, கூட்டத்தையே கதைநாயகனாக்கியது அந்நூலின் புதுமை. ஆசிரியர் 1933 பிப்ரவரி 20-ஆம் நாள் காவலரின் சித்திரவதையால் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 29. இந்நாவல் 2006-இல் மாணவர்க்கெனச் சித்திரக் கதையாக வெளிவந்தது. பெயரற்றோர் கூட்டத்தைப் பெயரற்றதாகவே எழுதலாம். ஆனால் முகமற்றதாக வரைய இயலாது. எழுத்தில் திரளாக இருந்தோர் சித்திரத்தில் ஒவ்வொருவராக நம்மை நோக்கினர். நிலையான வேலை கிட்டாத இளைஞர் மிகுந்த அக்காலத்தில், அம்முகங்களில் பலரும் தம்மையே கண்டிருத்தல் கூடும். 2008-இல் மூல நாவலே மீண்டும் லட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. சித்திரக் கதை மூலத்தைக் கொன்றுவிடும் என்று அஞ்சுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

இறுதியாக ஒரு நூல். 1937-இல், சீனத்தின்மீது ஜப்பானின் முழுப் போர் மூண்ட அதே கோடையில், யோஷினோ கென்சபுரோ "நீங்கள் எவ்வாறு வாழ்வீர்கள்?" என்னும் நாவலைச் சிறுவர்க்கென வெளியிட்டார். 1931-இல் அமைதிப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைதாகி, ஒன்றரை ஆண்டு சிறையிருந்தவர் அவர். கோப்பர்னிக்கஸின் பெயரால் "கோப்பெரு" என அழைக்கப்படும் 15 வயது மாணவனும், அவனுக்காகக் குறிப்பேடு எழுதும் தாய்மாமனும் கதையின் உயிர்கள். மேல் வகுப்பு மாணவர் நண்பனைத் தாக்கினால் சேர்ந்து நிற்போம் என்று வாக்களித்த கோப்பெரு, பனி பொழிந்த ஒரு நாள் அது நிகழ்ந்தபோது அச்சத்தால் அசையாது நின்றுவிடுகிறான். அந்நாணமே கதையின் நடுநாயகம்.

2017-இல் ஹாகா ஷோயிச்சி இதனைச் சித்திரக் கதையாக்கினார். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. அவர் செய்த மாற்றங்கள் மூன்றினைக் கூறலாம். நாவல், தோக்கியோவின் கின்சாப் பகுதியில் ஓர் அங்காடியின் மேல்மாடியிலிருந்து சிறுவன் மக்கள் வெள்ளத்தை நோக்கி வியப்பதில் தொடங்கும். சித்திரக் கதையோ, நண்பனைக் கைவிட்ட நாணத்தால் அவன் படுத்துக் கிடக்கும் துயரில் தொடங்குகிறது. முன்னது உலகை அறியும் வியப்பு. பின்னது தன்னை அறியும் வேதனை. இரண்டாவது, மூலத்தில் சட்டம் பயின்ற இளம் பட்டதாரியான தாய்மாமன், இங்கே பதிப்பாசிரியராய்ப் பணியாற்றியவர் ஆகிறார். யோஷினோவே பதிப்பாசிரியர் என்பதை எண்ணினால், மூல ஆசிரியரையே கதைக்குள் அழைத்துவந்த நயம் விளங்கும். மூன்றாவது, மாமனின் குறிப்புகளை ஓவியர் சித்திரமாக்காமல் பக்கம் பக்கமாக எழுத்தாகவே விட்டுவிட்டார். எதனை வரைய வேண்டும் என்பதோடு எதனை வரையலாகாது என்பதையும் அறிந்ததே அவரது தேர்ச்சி.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இவ்வரலாற்றில் ஓர் அக்கறை உண்டு. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் பிள்ளைகளுள் பலர் தமிழ் எழுத்தைத் தடுமாறியே படிக்கின்றனர். 1967-இல் தோன்றிய "அமர் சித்திரக் கதை" போன்ற வரிசைகளின் வழியே, வேற்று மொழியில்தான் கண்ணகியை அவர்கள் முதலில் சந்திக்கின்றனர். இதனைக் கண்டு நாம் வருந்துவது இயல்பு. ஆயினும் படக்கதையைப் பறித்துவிடுவதால் சிலப்பதிகாரம் அவர்கள் கைக்கு வந்துவிடாது. "இப்படத்தில் உள்ளது மூலத்தில் எவ்வாறு இருக்கிறது, பார்ப்போமா?" என்று வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் கேட்டால் அப்போது ஒரு வழி திறக்கிறது. நண்டுக் கப்பலுக்கு வாசகர் திரும்பிவந்த வழியும் அதுவே. அவ்வாறு கேட்பார் இல்லையெனில், படமே மூலமாக நிலைத்துவிடும், இழப்பு உண்மையாகிவிடும்.

யோஷினோவின் நாவலிலேயே காந்தாரப் புத்தர் சிலைகளைப் பற்றிய அத்தியாயம் ஒன்று உண்டு. இந்திய மண்ணில் பிறந்த அருளறம், கிரேக்கச் சிற்ப மரபின் கைபட்டு உருவம் பெற்று, ஆசியா நெடுகப் பயணம் செய்து ஜப்பானை அடைந்த கதையை மாமன் சிறுவனுக்கு எடுத்துரைக்கிறார். அச்சிற்பி புத்தரை நேரிற் கண்டவன் அல்லன். தனக்குப் பழகிய ஆடை மடிப்பையும் முக அமைப்பையும் கொண்டே அவரை வடித்தான். வழிபட்டோர் அவ்வடிவில் புத்தரையே கண்டனர். நாவலைச் சித்திரமாக்கும் ஓவியரின் பணியும் அவ்வகையினதே. அவர் கை எங்கே நிற்கிறது, மூலத்தின் குரல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிந்து படிப்போர், ஒரு கதையின் வழியே இரு காலங்களை அறிந்தவர் ஆவர்.