வருவாய் தரும் வேலை விதியும் மின்-இயந்திரப் பராமரிப்புச் சான்றிதழும்

மின்-இயந்திரப் பராமரிப்புச் சான்றிதழ் என்பது ஆலைகளிலுள்ள மோட்டார், பம்பு, கன்வேயர், கட்டுப்பாட்டுப் பலகை போன்றவற்றை நிறுவவும் பழுது பார்க்கவும் கற்றுத்தரும் குறுகிய காலத் தொழிற்படிப்பு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் தகுதி பெற்ற கல்வி நிலையங்களில் இதைப் படிப்போருக்குக் கூட்டாட்சி அரசின் மாணவர் கடன் கிடைக்கிறது. படித்து முடித்தவரின் வருவாய் அந்தக் கடனைத் தாங்குமா என்று அளக்கும் விதி 'வருவாய் தரும் வேலை விதி' எனப்படுகிறது.

பின்னணி

இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் படிப்புச் செலவை 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு ஏற்றது. அந்தப் பணத்தை நம்பித் தனியார் தொழிற்பள்ளிகள் பெருகின. அவற்றுள் சில பெயரளவிலேயே பயிற்சி தந்தன. எனவே 1952இல் ஒரு கட்டுப்பாடு வந்தது: ஒரு படிப்பின் மாணவர்களில் 85 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் அரசுப் பணத்தில் பயில்பவராக இருந்தால், புதிய வீரர்களுக்கு அங்கே உதவித்தொகை இல்லை. தரமான பள்ளி என்றால் சொந்தப் பணம் கொடுத்தும் சிலர் சேர்வார்கள் என்பதே இதன் அடிப்படை.

1965இல் உயர்கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. 1972ஆம் ஆண்டுத் திருத்தங்கள் இலாப நோக்குப் பள்ளிகளுக்கும் அதன் நிதியுதவியை விரிவாகத் திறந்துவிட்டன. ஏற்கப்பட்ட தொழில் ஒன்றில் 'வருவாய் தரும் வேலைக்கு' ஆயத்தம் செய்ய வேண்டும் என்பதே அப்பள்ளிகளுக்கும், எல்லா வகை நிலையங்களின் சான்றிதழ் படிப்புகளுக்கும் சட்டம் வைத்த நிபந்தனை. எவ்வளவு வருவாய் என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

1980களின் இறுதியில் கடனைத் திருப்பிச் செலுத்தாதோர் தொகை பெருகியது. அதன்பின், கடன் தவறுவோர் விகிதம் மிகுந்த நிலையங்களுக்கு நிதியுதவி நிறுத்தப்பட்டது. ஆனால் இந்த அளவு கல்வி நிலையம் முழுவதற்குமானது. ஒரே கூரையின் கீழ் நல்ல பராமரிப்புப் படிப்பும் பயனற்ற வேறொரு படிப்பும் இருந்தால் அது வேறுபடுத்திக் காட்டாது.

விகிதம் உருவான விதம்

2011இல் கல்வித்துறை முதன்முறையாக அந்தச் சொற்றொடருக்கு எண்களால் பொருள் தந்தது. கட்டணம், வேலை பெற்றோர் விகிதம், முடித்தவரின் இடைநிலைக் கடன் ஆகியவற்றைப் படிப்புவாரியாக வெளியிடவும் நிலையங்கள் பணிக்கப்பட்டன. 2012இல் கூட்டாட்சி நீதிமன்றம் விதியின் முக்கிய அளவுகோல்களை நீக்கியது. கடனைத் திருப்பிச் செலுத்துவோர் குறைந்தது 35 விழுக்காடு இருக்க வேண்டும் என்ற எண்ணுக்குத் தக்க காரணம் காட்டப்படவில்லை என்பது தீர்ப்பு.

2014ஆம் ஆண்டு விதி வருவாயையும் கடனையும் மட்டும் நிறுத்துப் பார்த்தது. ஆண்டுத் தவணை, ஆண்டு வருவாயில் 8 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அல்லது வறுமைக் கோட்டின் ஒன்றரை மடங்கு போக எஞ்சும் வருவாயில் 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். முதல் அளவில் 12, இரண்டாம் அளவில் 30 என்ற இரு வரம்புகளையும் தாண்டினால் தோல்வி. இடைப்பட்டவை எச்சரிக்கை நிலை. மூன்று ஆண்டுகளில் இருமுறை தோற்றால் நிதியுதவி போய்விடும். 8 என்ற எண்ணுக்கு வேர் வீட்டுக்கடன் வழக்கத்தில் உள்ளது. மொத்தக் கடன் தவணைகள் வருவாயில் சுமார் 36 விழுக்காட்டையும், வீட்டுச் செலவு 28 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது என்று கடன் தருவோர் கருதினர், மீதம் 8.

ஓர் எடுத்துக்காட்டு

பராமரிப்புச் சான்றிதழுக்காக ஒருவர் 5 விழுக்காடு வட்டியில் 12,000 டாலர் கடன் வாங்கினார் என்று கொள்வோம். சான்றிதழ் படிப்புகளுக்குக் கணக்கிடும் காலம் 10 ஆண்டு. ஆண்டுத் தவணை சுமார் 1,530 டாலர். 8 விழுக்காட்டு அளவில் தேற ஆண்டு வருவாய் சுமார் 19,100 டாலர் தேவை. அதே பயிற்சிக்கு 24,000 டாலர் கடன் என்றால் 38,000 டாலருக்கு மேல் வேண்டும். ஆலையில் சம்பளம் தருபவர் கைத்திறனைப் பார்க்கிறார். கடன் எவ்வளவு என்று கேட்பதில்லை.

பாதிக்கு மேற்பட்டோர் கடனின்றி முடித்தால் இடைநிலைக் கடன் சுழியம் ஆகிவிடும். கட்டணம் குறைந்த சமுதாயக் கல்லூரிகளுக்கு இது சாதகமானது. 2017 சனவரியில் வெளியான முதல் முடிவுகளில் 800க்கும் மேற்பட்ட படிப்புகள் தோற்றன. அவற்றில் ஏறத்தாழ 98 விழுக்காடு இலாப நோக்கு நிலையங்களுடையவை. படிப்பை முடித்தவர்கள் மட்டுமே கணக்கில் வந்தனர். பாதியில் நின்று, சான்றிதழின்றிக் கடனை மட்டும் சுமந்தவர்கள் இந்த விகிதத்தில் இடம்பெறவில்லை.

பிற்கால மாற்றங்கள்

ஒரு வகைக் கல்லூரிகளை மட்டும் குறிவைக்கிறது என்ற எதிர்ப்புக்கிடையே 2019இல் விதி நீக்கப்பட்டது. 2023இல் மீண்டும் வந்தது. இம்முறை 8, 20 என்ற வரம்புகளுடன் மற்றொரு சோதனையும் சேர்ந்தது: முடித்தவரின் இடைநிலை வருவாய், அதே மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியோடு நின்ற 25 முதல் 34 வயதினரின் வருவாயை விஞ்ச வேண்டும். கடன் சிறிதாக இருந்தாலும் படிப்பால் கூலி உயரவில்லை என்றால் பயனில்லை என்பதை இது கணக்கில் கொண்டது.

2025 சூலையில் இயற்றப்பட்ட சட்டம் பட்டப்படிப்புகளுக்கும் வருவாய்ச் சோதனை ஒன்றை வகுத்தது. இளநிலைச் சான்றிதழ் படிப்புகள் அச்சட்டத்தின் சோதனைக்குள் கொண்டுவரப்படவில்லை.