செம்பனை ஆலையின் சுடரும் சேறும்

எரிபொருளின் சரித்திரம் என்பது மனிதன் எதை எரித்தான் என்பதன் கதை மட்டுமன்று; எரித்தபின் எஞ்சிய புகையையும் கழிவையும் யாருடைய வாசலில் கொட்டினான் என்பதன் கதையும் ஆகும். நிலக்கரிக்கும் மண்ணெண்ணெய்க்கும் மாற்றாக வெயிலும் காற்றும் மரஞ்செடிகளும் தரும் ஆற்றலை உலகம் இன்று போற்றுகின்றது. போற்றுதல் தகும். ஆயினும், ஒன்றிற்குப் ‘பசுமை’ என்று பெயர் சூட்டிவிட்டால் அதனைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது பகுத்தறிவுக்கு ஒவ்வாது. இதனை ஆராய்வதற்கு நாம் தூர தேசம் செல்ல வேண்டியதில்லை. ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களே போதிய சாட்சியாகும்.

தாவர எண்ணெயால் இயந்திரம் ஓட்டுவது நேற்று முளைத்த புதுமையன்று. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில், ருடால்ஃப் டீசல் கண்ட வகையான இயந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயால் ஓடிற்று. 1938இல் பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸுக்கும் லூவேனுக்கும் இடையே ஒரு பஸ், செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிநெய்யால் ஓட்டப்பட்டது. பூமியிலிருந்து இறைக்கும் எண்ணெய் மலிவாய்க் கிடைத்தமையால் இவை வேடிக்கைப் பொருளாகவே நின்றன.

மலாயாவில் அந்த வேடிக்கையைத் தேவையாக்கியது யுத்தம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் பெட்ரோல் அருகிப் போயிற்று. ரப்பரைக் காய்ச்சி வடித்து எரிநெய் எடுத்தனர். செம்பனை எண்ணெயை இயந்திரங்களுக்கு ஊற்றினர். பஸ்களில் கரியடுப்பைப் பொருத்தினர். போதிய காற்றின்றி எரியும் கரியிலிருந்து எழும் வாயுவே அவ்வண்டிகளை ஓட்டிற்று. அவ்வாயு நஞ்சு, அதற்கான கரியோ வெட்டப்பட்ட மரம். மாற்று ஆற்றலுக்கும் ஒரு விலை உண்டு என்பதை இந்நாடு அன்றே கண்டது.

ஆப்பிரிக்காவில் தோன்றிய செம்பனையை, 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் வியாபாரப் பயிராக முதன்முதலில் நட்டார். 1920களில் அது ஜொகூரிலும் பரவிற்று. 1961இல் கூலாய் வட்டாரத்துத் தாயிப் அண்டாக் நிலக்குடியேற்றத்தில் ஃபெல்டா தன் முதல் செம்பனையை நட்டது. ரப்பர் மரங்கள் வீழ்த்தப்பட்ட பல தோட்டங்களில் செம்பனை எழுந்தது. பால் வெட்டிய கைகள், நெடுங்கழியில் பூட்டிய அரிவாளால் குலை அறுக்கக் கற்றன. உதிரிப்பழம் பொறுக்கக் குனிந்தவர்களில் நம் தாய்மார்கள் பலர்.

இனி ஆலைக்குள் நுழைவோம். ஒரு டன் பழக்குலையை நீராவியில் வேகவைத்துப் பிழிந்தால், ஏறத்தாழ 200 கிலோ எண்ணெய் கிடைக்கும். அதனோடு சுமார் 130 கிலோ நாரும் 60 கிலோ ஓடும் மிஞ்சும். இந்நாரையும் ஓட்டையும் உலையில் எரித்து நீரைக் கொதிக்கவைப்பர். அந்நீராவி சுழலியைச் சுழற்றி மின்சாரம் தரும். அதே நீராவி அடுத்த குலையையும் வேகவைக்கும். தன் கழிவால் தானே ஓடும் ஆலை இது! விஞ்ஞானிகள் மாற்று ஆற்றல் என்று புகழ்வதற்கு நெடுங்காலம் முன்னரே செம்பனை ஆலைகள் இம்முறையைக் கைக்கொண்டிருந்தன.

ஆனால் ஆலையின் பின்புறம் வேறொன்றைக் காட்டிற்று. ஒவ்வொரு டன் குலைக்கும் அரை டன்னுக்கு மேற்பட்ட கழிவுநீர் வெளியேறும். அதில் விஷமில்லை, ஆயினும் எண்ணெய்ப் பிசுக்கும் பழச்சதையும் அதில் நிறைந்திருக்கும். அவை அழுகும்போது கிருமிகள் நீரிலுள்ள பிராணவாயுவை உண்டுவிடுகின்றன. ஒரு லிட்டர் கழிவுநீர் கேட்கும் பிராணவாயு சுமார் 25,000 மில்லிகிராம். அது கலந்த ஆற்றில் மீன் எவ்வாறு பிழைக்கும்? 1970களில் ஆறுகள் பல கறுத்து நாறின. அத்தீமையை முதலில் நுகர்ந்தவர் எண்ணெயை விற்றவரல்லர், ஆற்றங்கரையில் வாழ்ந்தவரே.

நிலைமையை மாற்றியது ஆலைகளின் கருணையன்று, சட்டம். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், 1977இல் செம்பனை ஆலைகளுக்கென விதிகள் இயற்றப்பட்டன. 1978இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு, படிப்படியாய் இறுகி 1984இல் 100 ஆயிற்று. ‘தொழில் அழியும்’ என்று அஞ்சியவர் உண்டு. தொழிலோ அழியவில்லை, வளர்ந்தது.

எனினும் தீமை இடம் மாறிற்று. ஆற்றில் விடலாகாத கழிவைக் குளங்களில் தேக்கினர். காற்றுப் புகாத அச்சேற்றிலிருந்து மீத்தேன் வாயு எழுந்தது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்க வல்லது. குளத்தை மூடி அவ்வாயுவைப் பிடித்து எரித்தால் அதுவே மின்சாரமாகும். 2014 முதல் புதிய ஆலைகளுக்கு இவ்வேற்பாடு கட்டாயமாக்கப்பட்டது. கேடு செய்த பொருளே விளக்கேற்றும் பொருளாயிற்று.

எண்ணெயே எரிபொருளாகும் கதையும் உண்டு. செம்பனை எண்ணெயோடு மெத்தனால் சேர்த்து, சிறிது காரமும் இட்டால், கிளிசரின் பிரிந்து நீர்த்த எரிநெய் உண்டாகும். இந்நாட்டில் 1980களில் சோதிக்கப்பட்ட இது, 2019இல் வாகன டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்காகக் கலக்கப்பட்டது. அதே ஆண்டில், காடழிவைக் காரணங்காட்டி, 2030க்குள் இதனை விலக்க ஐரோப்பிய ஒன்றியம் முடிவு செய்தது. மலேசியா அது பாரபட்சம் என வழக்காடிற்று. இருவருக்கும் நடுவே மண்ணைக் கேட்போம். மேற்கு ஜொகூரின் கரிச்சேற்று நிலத்தில், வாய்க்கால் வெட்டி நீரை வடித்தபின், தரை ஆண்டுக்குச் சராசரியாய் 2 சென்டிமீட்டர் தாழ்ந்ததை ஆய்வாளர் அளந்தனர். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாய் நீருக்குள் கிடந்த இலைதழைகள் காற்றுப் பட்டு மக்கிக் கரியமில வாயுவாகின்றன என்பதே அதன் பொருள். அந்நிலத்தில் விளைந்த எரிநெய்யும், பழைய ரப்பர் நிலத்தில் விளைந்த எரிநெய்யும் பெயரால் ஒன்று, பயனால் ஒன்றல்ல.

சட்டமிருந்தும் அயர்வு போகவில்லை. 2017 அக்டோபரில் செம்பனை ஆலைக் கழிவு கலந்து ஜொகூர் ஆற்றில் அம்மோனியா மிகுந்தது. நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. தோட்டத்தின் அழுக்கு தோட்டத்தோடு நிற்கும் என்று எண்ணியிருந்த நகரத்தார், வறண்ட குழாயின்முன் குடத்தோடு நின்று உண்மையறிந்தனர்.

ஆகவே புது எரிபொருள் எது வரினும் நாம் மூன்று கேள்விகள் கேட்போமாக. எந்த நிலத்தில் விளைந்தது? அதன் கழிவு எங்கே போகின்றது? அந்நீரைக் குடிப்பவர் யார்? இவற்றிற்கு விடை தருவோரின் விளக்கை நாம் வரவேற்போம். விடை தர மறுப்போரிடம் விடாது கேட்பது தோட்டத்தார் நகரத்தார் ஆகிய இருவரின் கடமை. ஏனெனில் இருவரும் குடிப்பது ஒரே ஆற்று நீர்.