பீப்பாயில் எழுதாத பெயர்

(வானொலி மறையுரை)



அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே, லிஸ்பன் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவில் போர்ச்சுக்கல் நாட்டுக்குச் சொந்தமான ஒன்பது தீவுகள் இருக்கின்றன. அசோரஸ் தீவுகள் என்று பெயர். நம் நாட்டுக்கு அவை முற்றிலும் அந்நியமானவை அல்ல. 16ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரையிலிருந்து மிளகு ஏற்றிக்கொண்டு லிஸ்பனுக்குத் திரும்பிய கப்பல்கள், நெடும் பயணத்தின் கடைசிக் கட்டத்தில் இத்தீவுகளில்தான் நின்று இளைப்பாறின. இன்று அந்த ஒன்பதில் இரண்டு தீவுகளைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். ஒன்றின் பெயர் ஃபையால், மற்றொன்றின் பெயர் பிக்கோ.

ஃபையால் தீவின் துறைமுக நகர் ஓர்ட்டா. அங்கிருந்து பயணிகள் கப்பலில் ஏறினால் அரை மணி நேரத்தில் பிக்கோ தீவை அடைந்துவிடலாம். இடையே உள்ள கடல் ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் அகலம்தான். ஆனால் காற்று மாறிவிட்டால் அந்தச் சிறு கடலே பெருங்கடலாகிவிடும். எதிரே 2,351 மீட்டர் உயரத்தில் ஓர் எரிமலை நிற்கிறது. போர்ச்சுக்கல் நாட்டிலேயே மிக உயரமான மலை அதுதான். கப்பல் போய்ச் சேரும் ஊருக்கு மதலேனா என்று பெயர். உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்ட மகதலா மரியாவின் பெயர் அது. அந்த ஊர்க் கோவிலின் பாதுகாவலியும் அவரே.

கரை இறங்கியதும் கண்ணுக்குப் படுவது கறுப்புக் கல். எரிமலை கக்கிய குழம்பு உறைந்து பாறையாகிக் கடல் வரை பரந்து கிடக்கிறது. 1718இலும் அந்த மலை வெடித்து நிலத்தை மூடியது. அப்படி மூடப்பட்ட நிலங்களுக்கு அந்த மக்கள் வைத்த பெயர் ‘மிஸ்தேரியு’. மறைபொருள் என்று அதற்குப் பொருள். ஏன் நடந்தது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. விளங்காததை இறைவனிடம் விட்டுவிட்டு அதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள்.

அந்தக் கல்லில்தான் திராட்சை விளைகிறது.

15ஆம் நூற்றாண்டில் மக்கள் குடியேறிய காலத்திலேயே துறவிகள் அங்கே திராட்சைக் கொடியைக் கொண்டுவந்தார்கள் என்பது தீவின் மரபு. உழுவதற்கு மண் இல்லை. பாறை வெடிப்புகளில் கொடியை நட்டார்கள். கடற்காற்று உப்பைச் சுமந்து வந்து இலைகளைக் கருக்கியது. எனவே சுற்றிலும் கிடந்த கற்களையே பொறுக்கி, சாந்து எதுவும் பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். ஒரு சுவர் அல்ல, ஆயிரமாயிரம் சுவர்கள். ஒவ்வொரு சிறு கட்டத்துக்குள்ளும் சில கொடிகள் மட்டுமே. சுவர் காற்றைத் தடுத்தது. பகல் வெயிலைக் குடித்து வைத்திருந்த கறுப்புக் கல், இரவில் கொடிக்குச் சூடு கொடுத்தது. காற்றுக்கு அஞ்சிக் கொடிகளைத் தரையோடு தரையாகவே படரவிட்டார்கள். 2004இல் யுனெஸ்கோ நிறுவனம் இவற்றில் 987 எக்டேர் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

எசாயா இறைவாக்கினர் பாடிய திராட்சைத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே தோட்டக்காரர் முதலில் நிலத்திலுள்ள கற்களை அகற்றுகிறார். பிக்கோ தீவில் கற்களை அகற்ற வழியில்லை. அகற்றினால் நிலமே மிஞ்சாது. ஆகவே இடையூறாகக் கிடந்த கல்லையே அவர்கள் வேலியாக்கினார்கள். இதை இறை நம்பிக்கையின் பாடமாக எடுத்துக்கொண்டு நான் இத்தோடு நிறுத்திவிடலாம். ஆனால் வரலாறு இத்தோடு நிற்கவில்லை.

அறுவடை முடிந்து இரசம் பீப்பாய்களில் நிறைந்தது. நாம் ‘பீப்பாய்’ என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லே போர்த்துக்கீசியரின் ‘பிப்பா’தான். மாட்டு வண்டிகளில் பீப்பாய்களை ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அதே தடத்தில் சக்கரங்கள் ஓடி ஓடிப் பாறையே பள்ளமானது. இன்றும் அந்தத் தடங்களைக் காணலாம். கரையில் பாறையைச் செதுக்கிச் சரிவு அமைத்து, அதன் வழியாகப் பீப்பாய்களைப் படகுக்கு உருட்டினார்கள்.

படகு எங்கே போயிற்று? எதிரே உள்ள ஃபையாலுக்கு. ஏனென்றால் பெரிய கப்பல்கள் நிற்கத்தக்க துறைமுகம் பிக்கோவில் இல்லை, ஓர்ட்டாவில் இருந்தது. தோட்டங்களின் உரிமையாளர்களில் பலரும் ஓர்ட்டாவில்தான் வாழ்ந்தார்கள். அறுவடைக் காலத்தில் குடும்பத்தோடு கடல் கடந்து வந்து, பிக்கோ கரையிலிருந்த தங்கள் மாளிகைகளில் தங்கித் திரும்புவார்கள். பின்னர் அந்த இரசம் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும், ஏன், ரஷ்யப் பேரரசரின் மேசை வரைக்கும் போயிற்று. எந்தப் பெயரில் தெரியுமா? ‘ஃபையால் இரசம்’ என்ற பெயரில்!

கல் சுமந்தது பிக்கோ. கொடி வளர்த்தது பிக்கோ. பெயர் மட்டும் ஃபையாலுக்கு. எட்டு கிலோமீட்டர் கடலைக் கடப்பதற்குள் உழைத்தவரின் பெயர் தண்ணீரில் கரைந்துவிட்டது.

ஓர்ட்டாவில் இருந்தவர்கள் எல்லாரும் இரக்கமற்றவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 1806 முதல் 1892 வரை மூன்று தலைமுறைகளாக அங்கே அமெரிக்கத் தூதர்களாக இருந்த டாப்னி குடும்பத்தார் இந்த இரச வணிகத்தில் ஈடுபட்டவர்கள்தாம். பஞ்சம் வந்தபோது தானியம் வரவழைத்து ஏழைகளுக்குக் கொடுத்தவர்களும் அவர்கள்தாம். நல்லவர்கள் இருந்தார்கள். ஆனாலும் பீப்பாயில் பெயர் மாறவில்லை. தனி மனிதரின் நல்ல மனம் வேறு, நீதி வேறு.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் சாம்பல் நோய் கொடிகளைத் தாக்கியது. சில பத்தாண்டுகளில் வேரை அரிக்கும் பூச்சியும் வந்தது. தோட்டங்கள் அழிந்தன. பிக்கோவின் இளைஞர்கள் திமிங்கில வேட்டைக் கப்பல்களில் ஏறி அமெரிக்காவுக்குப் போனார்கள். சுவர்களுக்கு உள்ளே முட்புதர் மண்டியது. தங்கள் முன்னோர் அடுக்கிய கல்லைப் பார்த்துக்கொண்டே எத்தனை தாய்மார்கள் பிள்ளைகளை வழியனுப்பியிருப்பார்கள்!

ஆனால் மீதி இருந்தவர்கள் கொடியைக் கைவிடவில்லை. 1949இல் திராட்சை விவசாயிகளுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் மதலேனாவில் உருவானது. 1994இல் அந்த நிலத்தின் இரசத்துக்குச் சட்டப்படி ‘பிக்கோ’ என்ற பெயரே வழங்கப்பட்டது. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, உழைத்த தீவின் பெயர் புட்டியின் மேல் ஏறியது.

அன்பர்களே, அந்தத் துறைமுகத்தின் பாதுகாவலியை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். கல்லறைத் தோட்டத்தில் மகதலா மரியா அழுதுகொண்டு நிற்கிறார். எதிரே நிற்பவரைத் தோட்டக்காரர் என்று எண்ணுகிறார். எப்போது அவருக்குக் கண் திறந்தது? ஆண்டவர் அவரைப் பெயர் சொல்லி அழைத்தபோது! உயிர்த்த இயேசு விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. பெயரைச் சொன்னார், அவ்வளவுதான். தம் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆயர் அவர். நாம் பெயரை அழித்துவிட்டு உழைப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அவரோ பெயரைச் சொல்லி மனிதரை மீட்கிறார்.

ஒவ்வொரு திருப்பலியிலும் காணிக்கை வேளையில் குருவானவர் கிண்ணத்தைக் கையில் எடுக்கிறார். கொடியின் பலனோடு மனிதரின் உழைப்பும் அதில் இருக்கிறது என்று சொல்லித்தான் இறைவனைப் போற்றுகிறார். அந்த உழைப்புக்குச் சொந்தக்காரர் யார்? கொடியை வெட்டியவர், பழம் பறித்தவர், கூடை சுமந்தவர். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவர்களுடைய கைகள் வந்து சேராமல் நம் பீடத்துக்கு இரசம் வந்து சேராது.

எல்லாருடைய பெயரையும் நம்மால் தேடிப் பிடிக்க முடியாது. ஆனால் நமக்கு அருகில் இருப்பவர்களின் பெயரையாவது தெரிந்துகொள்ளலாம் அல்லவா? நம் கோவிலைக் கூட்டிப் பெருக்கும் அந்த அம்மாவின் பெயர் என்ன? திருவிழாவுக்குத் தேர் கட்டியவரின் பெயர் என்ன? கோவில் கட்டியபோது தலையில் கல் சுமந்தவர்களின் பெயர், நன்கொடையாளர் பலகையில் ஒரு மூலையிலாவது இருக்கிறதா? நம் வீட்டில் வேலை செய்பவரை என்னவென்று கூப்பிடுகிறோம்? அவருக்குரிய கூலியை உரிய நாளில் கொடுக்கிறோமா? கொடுக்காமல் வைத்துக்கொண்ட கூலியின் கூக்குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டும் என்று புனித யாக்கோபு எச்சரிக்கிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வரும்போது, நீங்கள் இதுவரை பெயர் கேட்காத ஒருவரிடம் பெயரைக் கேட்டு வாருங்கள். கிண்ணம் உயர்த்தப்படும்போது அந்தப் பெயரை மனத்துக்குள் சொல்லுங்கள். அதுவே அன்று நீங்கள் கொண்டுவரும் காணிக்கையாகட்டும்.

மெய்யான திராட்சைக் கொடியாகிய ஆண்டவர் இயேசு, கிளைகளாகிய நம்மைப் பெயர் சொல்லி அழைத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.