உப்பு ஏறின சப்பாத்து

குறிகட்டுவானில படகேறி நயினாதீவில இறங்குறதுக்குள்ள தோல் சப்பாத்துக்கு ஒரு வேலை வந்திடும். கடல்தண்ணி தெறிச்ச இடமெல்லாம் காய்ஞ்சு வெள்ளைக் கோடாய் நிக்கும். அதை எப்படித் துடைக்கிறது எண்டு கதைக்கத் தொடங்கித்தான் நாங்கள் சப்பாத்தின் வரலாற்றுக்குள்ள போனோம்.

'செருப்பு', 'தொடுதோல்' இரண்டும் பழந்தமிழ்ச் சொற்கள். 'சப்பாத்து' என்பது 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கீசரின் மொழியிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் இங்கிலீசு படிச்சு, கொழும்பிலும் மலாயாவிலும் உத்தியோகம் பார்த்தவைக்கு மினுங்குற சப்பாத்து ஒரு மதிப்பு. 1906இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில் வந்த 'கிவி' பொலிஷ், முதலாம் உலகப் போர்ச் சிப்பாய்களின் காலோடு உலகம் சுற்றியது.

அதே யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் காலில் எதையும் போடக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. மேலாடை, குடை, கோயில் வாசல் எல்லாத்துக்கும் தடை. தோலைப் பதனிட்டவரையும் தைத்தவரையும் தள்ளி வைத்துவிட்டு, தோலை மட்டும் மினுக்கின சமூகம் எங்கட சமூகம். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. அதுக்குப் பிறகும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சனம் போராட வேண்டியிருந்தது.

இனி அந்த வெள்ளைக் கோடு. முதலில ஈரத்துணியால மண்ணைத் துடையுங்கோ. வினாகிரியும் தண்ணியும் சமமாய்க் கலந்து, துணியில தொட்டு உப்பை எடுங்கோ. உள்ளுக்குப் பழைய பேப்பர் அடைச்சு நிழலில காயவிடுங்கோ. வெயிலில வைச்சால் தோல் வெடிக்கும். பிறகுதான் பொலிஷ், அதுவும் கொஞ்சமாய். பத்து நிமிசம் விட்டு பிரஷ் போட்டு, மெல்லிய துணியால தேய்ச்சால் மினுங்கும். உப்பை எடுக்காமல் மேல பொலிஷ் பூசினால், அது திரும்ப வெளியில வரும்.

நாகபூசணி அம்மன் கோயிலிலயும் நாக விகாரையிலயும் எல்லாரும் வாசலில கழட்டத்தான் வேணும். ஆனால் விரும்பிக் கழட்டுறதும் போடவே விடாததும் ஒண்டில்லை. வீட்டில அம்மப்பாவின்ர பழைய சப்பாத்து இருந்தால், அதைத் துடைச்சுக்கொண்டே அவரிட்டக் கேளுங்கோ: அந்தக் காலத்தில எங்கட ஊரில ஆரைச் சப்பாத்துப் போட விட்டவை, ஆரை விடேல்லை? நாங்களும் எங்கட வீடுகளில கேட்கப்போறம்.