சிலுவை இறக்கப்பட்ட தேவாலயம்

1967ஆம் ஆண்டு, அமெரிக்காவின் சன் பிரான்சிஸ்கோ நகரில் மெதடிஸ்த தேவாலயம் ஒன்றின் போதகர், ஆராதனை மண்டபத்திலிருந்த சிலுவையை இறக்கிவிடச் சொன்னார். சிலுவை மரணத்தின் அடையாளம், இந்த இடமோ வாழ்வைக் கொண்டாடுவதற்கானது என்பது அவர் சொன்ன காரணம். போதகரின் பெயர் சிசில் வில்லியம்ஸ். ஆலயத்தின் பெயர் கிளைட். ‘முற்போக்கான சபை’, ‘எல்லோரையும் உள்வாங்கும் சபை’ என்ற சொற்களை இன்று பலரும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அவற்றுக்கு நடைமுறையில் என்ன பொருள், அதற்காக எதையெல்லாம் இழக்க வேண்டியிருக்கும் என்று பார்ப்பதற்கு கிளைட்டின் கதை உதவும்.

லிசி கிளைட் என்ற செல்வந்தப் பெண் தன் கணவரின் நினைவாக 1929இல் ஏற்படுத்திய அறக்கட்டளையிலிருந்து உருவான ஆலயம் இது. டெண்டர்லொயின் என்ற பகுதியில், எல்லிஸ் வீதியும் டெய்லர் வீதியும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. மலிவு விடுதிகள், பாலியல் தொழிலாளர்கள், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட இளைஞர்கள், திருநங்கையர், தனித்துப்போன முதியவர்கள் என்று நகரம் ஒதுக்கிவைத்த எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். ஆனால் 1963இல் வில்லியம்ஸ் வந்து சேர்ந்தபோது ஆலயத்துக்குள் இருந்தவர்கள் சில பத்து வெள்ளையின நடுத்தர வர்க்கத்தினர் மட்டுமே. வில்லியம்ஸ் கறுப்பினத்தவர். நிறப் பாகுபாடு சட்டமாகவே இருந்த டெக்சாஸ் மாநிலத்தில் 1929இல் பிறந்தவர். அங்குள்ள தெற்கு மெதடிஸ்த பல்கலைக்கழகத்தின் இறையியல் பீடத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற ஐந்து கறுப்பின மாணவர்களில் ஒருவர்.

1965ஆம் ஆண்டு புத்தாண்டு தினத்தன்று, கிளைட்டோடு தொடர்புடைய போதகர்களும் நகரின் தற்பாலீர்ப்பினர் அமைப்புகளும் சேர்ந்து ஒரு நடன விருந்து நடத்தினார்கள். பொலிஸார் வாசலில் நின்று உள்ளே போகும் ஒவ்வொருவரையும் படம் பிடித்தார்கள். அந்தக் காலத்தில் அப்படி ஒரு படம் வெளியே வந்தால் வேலை போகும், குடும்பம் போகும். பொலிஸாரைத் தடுத்த சட்டத்தரணிகள் உட்படச் சிலர் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் போதகர்கள் ஊடகவியலாளர் மாநாடு கூட்டிப் பொலிஸாரைக் கண்டித்தார்கள். வழக்கு பிறகு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. மற்றவர்கள் தினமும் அனுபவித்துக்கொண்டிருந்ததைப் போதகர்கள் அன்றுதான் கண்ணால் கண்டார்கள். என் பார்வையில், கிளைட் என்ற சபை உண்மையில் பிறந்த நாள் அதுதான். சிலுவை இறக்கப்பட்ட நாள் அல்ல. அடுத்த ஆண்டு, வீதியில் வாழ்ந்த தற்பாலீர்ப்பு இளைஞர்கள் ‘வான்கார்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கியபோது அவர்கள் கூடுவதற்கு இடம் கொடுத்ததும் இந்த ஆலயம்தான்.

கிளைட் தன் விழுமியங்களாகச் சொல்வன ஐந்து. எவரையும் விலக்காமை, உண்மையைப் பேசுதல், அன்பும் நம்பிக்கையும், மக்களுக்காக இருத்தல், கொண்டாட்டம். இவற்றில் பலதை எந்தச் சபையும் சுவரில் எழுதி வைக்கலாம். கொண்டாட்டம் என்றால் என்ன என்பதை அங்கே போனவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்: ஞாயிறு ஆராதனைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே அதுதான். ஜாஸ் இசைக்குழு, பெரிய பாடகர் குழு, கைதட்டல். கடினமானது ‘உண்மையைப் பேசுதல்’. அதைப் புரிந்துகொள்ள இன்னொருவரின் கதைக்குப் போக வேண்டும்.

ஜனிஸ் மிரிகிட்டானி ஜப்பானிய அமெரிக்கர். 1941இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். 1942இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் உத்தரவின் பேரில், எந்தக் குற்றமும் சாட்டப்படாமல், சுமார் 120,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் அமெரிக்கப் பிரஜைகள். கைக்குழந்தையான மிரிகிட்டானி குடும்பத்தோடு ஆர்கன்சோ மாநிலத்தின் ரோவர் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். சொந்த நாட்டின் அரசே முள்வேலிக்குள் வைப்பது எப்படியிருக்கும் என்பதை இதை வாசிக்கும் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வெளியே வந்த பிறகு பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவருடைய தாய் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மௌனமாக இருந்து, 1981இல் அரச விசாரணை ஆணைக்குழுவின் முன்தான் வாய் திறந்தார். இந்த மௌனத்தை உடைப்பதே மிரிகிட்டானியின் கவிதைகளுக்கு மையமானது. 1988இல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு எஞ்சியிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் இழப்பீடு வழங்கச் சட்டம் இயற்றியது. அதற்கு 46 ஆண்டுகள் எடுத்தன. காத்திருந்தவர்களில் பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள்.

1960களின் நடுப்பகுதியில் வேலைக்காகக் கிளைட்டுக்கு வந்தவர் மிரிகிட்டானி. சிறுவயதில் தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறையைப் பற்றிப் பின்னர் வெளிப்படையாகப் பேசினார். வன்முறையிலிருந்தும் போதைப்பொருளிலிருந்தும் மீண்டுவர முயன்ற பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்லும் கூட்டங்களை அவர் அங்கே நடத்தினார். பாவமன்னிப்பு வழங்க அங்கே யாரும் இல்லை. கேட்க ஆட்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். வில்லியம்ஸும் அவரும் 1982இல் திருமணம் செய்துகொண்டார்கள். 2000இல் அவர் நகரின் அரசவைக் கவிஞரானார், 2021இல் காலமானார்.

கிளைட்டின் இலவச உணவுக்கூடம்தான் வெளியுலகுக்கு அதிகம் தெரிந்தது. அதற்குப் பணம் வேண்டுமே? கோடீஸ்வரர் வொரன் பஃபெற்றின் மனைவி சூசன் அங்கே தொண்டு செய்தவர். அவர் மூலம் கணவரும் வந்தார். 2000ஆம் ஆண்டு தொடக்கம் பஃபெற்றுடன் ஒரு நேரம் உணவருந்தும் வாய்ப்பு ஏலம் விடப்பட்டு, பணம் கிளைட்டுக்குப் போனது. 2022இல் நடந்த ஏலம் 19 மில்லியன் டொலருக்குப் போனது. ஏழைகளின் சோற்றுக்காகப் பணக்காரரின் மேசையை ஏலம் விடுவது எனக்குச் சற்று உறுத்துகிறது. ஆனால் சாப்பாட்டு வரிசையில் நின்றவர்களுக்கு அது உறுத்தியிருக்காது.

குறைகளும் உண்டு. வில்லியம்ஸ் 2000இல் போதகர் பதவியிலிருந்து ஓய்வுபெற்றாலும் அங்கிருந்து விலகவில்லை. ஒரு தம்பதியின் ஆளுமையில் இவ்வளவு தங்கியிருந்த சபைக்கு வாரிசு தேடுவது இலகுவாக இருக்கவில்லை. 2018இல் ஒன்றிணைந்த மெதடிஸ்த திருச்சபையின் பேராயருக்கும் கிளைட்டுக்கும் இடையே நிர்வாகம், சொத்து, வழிபாடு பற்றிய பிணக்கு வெடித்து நீதிமன்றம்வரை போனது. ஞாயிறு கொண்டாட்டம் மனதுக்கு இதமான இசை நிகழ்ச்சி, ஆனால் கிறிஸ்தவ வழிபாட்டின் அடிப்படைகள் அதில் இல்லை என்பது பேராயர் தரப்பின் வாதம். அதை வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. யூதரும் பௌத்தரும் கடவுளை நம்பாதவரும் வரும் இடம் எந்தக் கட்டத்தில் தேவாலயமாக இல்லாமல் போகிறது? 2020இல் இணக்கம் ஏற்பட்டு, கிளைட் திருச்சபையிலிருந்து பிரிந்து தனி அமைப்பானது.

தற்பாலீர்ப்பு கிறிஸ்தவப் போதனைக்குப் பொருந்தாதது என்ற வாசகத்தை அந்தத் திருச்சபை 1972இல் தன் கோட்பாட்டு நூலில் சேர்த்திருந்தது. அதையும் மீறி, 2008 முதல் கிளைட்டின் போதகராக இருந்த கரன் ஒலிவெட்டோ 2016இல் அந்தத் திருச்சபையின் முதலாவது வெளிப்படையான தற்பாலீர்ப்புப் பேராயராகத் தெரிவானார்.

சிசில் வில்லியம்ஸ் 2024 ஏப்ரல் 22ஆம் திகதி, 94ஆவது வயதில் இறந்தார். அதற்கு மறுநாள் ஒன்றிணைந்த மெதடிஸ்த திருச்சபையின் பொது மாநாடு வட கரோலினாவில் தொடங்கியது. மே மாத ஆரம்பத்தில் பிரதிநிதிகள் வாக்களித்து, 1972ஆம் ஆண்டு வாசகத்தை நீக்கினார்கள். கிளைட் அப்போது அந்தத் திருச்சபையில் இருக்கவில்லை.